ஆர்க்ரைட் என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்புரட்சியைப் பாடப்புத்தகத்தில் படித்த எல்லோருக்கும் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டைத் தெரியும். நீரின் விசையால் ஓடும் நூற்பு இயந்திரத்தைக் கொண்டு ஆலைகளை நிறுவியவர் அவர். ஆனால் அந்தப் பெயர் அவரைவிட ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது. அதை முதலில் தாங்கியவர்கள் வட இங்கிலாந்துக் கிராமங்களில் தானியப் பெட்டி செய்த தச்சர்கள். ஆலை முதலாளியின் புகழ் அந்தத் தச்சர்களை முழுக்க மறைத்துவிட்டது என்பது என் நெடுநாள் வருத்தம். கீழே உள்ள பதில்களில் அவர்களுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆர்க்ரைட் என்பதன் பொருள் என்ன?

பெட்டி செய்பவர் என்பதுதான். பெயரின் முன்பாதியான ‘ஆர்க்’ பழைய ஆங்கிலத்தில் மூடியுள்ள பெரிய மரப்பெட்டியைக் குறித்தது. லத்தீன் மொழியின் ‘ஆர்கா’ என்ற சொல்லிலிருந்து அது மிகப் பழங்காலத்திலேயே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. பின்பாதியான ‘ரைட்’ வேலை என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. கையால் ஒன்றைச் செய்து முடிப்பவர் என்று பொருள். சரி, உரிமை என்ற பொருள்களில் நமக்குப் பழக்கமான ‘ரைட்’ வேறு சொல். ஒலி ஒன்றாக இருந்தாலும் எழுத்து வேறு, வேர் வேறு.

அந்தப் பெட்டி எப்படிப்பட்டது? சாதாரணத் தச்சர் செய்ய முடியாதா?

தஞ்சையிலும் நாஞ்சில் நாட்டிலும் பழைய வீடுகளில் நெல் கொட்டிவைத்த பத்தாயத்தைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். ஏறத்தாழ அதே வேலையைத்தான் இந்தப் பெட்டியும் செய்தது. ஆனால் அதைச் செய்யும் முறை தனி.

வட இங்கிலாந்தின் குளிரும் ஈரமும் கோதுமைக்கு அவ்வளவாக ஒத்துவராது. அங்கே ஏழை எளியவர்களின் அன்றாட உணவு ஓட்ஸ். அறுவடைக்குப் பின் அரைத்துவந்த மாவு அடுத்த அறுவடை வரை கெடாமலும் எலி வாயில் போகாமலும் இருந்தாக வேண்டும். மாவைப் பெட்டிக்குள் கொட்டி, காற்று புகாதபடி காலால் மிதித்து இறுக்குவார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கப் பெட்டி திண்ணமாக இருக்க வேண்டும். தரையின் ஈரம் ஏறாமலிருக்க அதற்குக் கால்களும் வேண்டும்.

ஆர்க் செய்தவர்கள் ஓக் மரத்தை வாளால் அறுப்பதில்லை. வெட்டிய மரம் ஈரமாக இருக்கும்போதே, ஆப்பு அடித்து அதன் நார் ஓடும் வழியிலேயே பிளப்பார்கள். அறுத்த பலகையில் நார் குறுக்கே அறுபட்டிருக்கும். பிளந்த பலகையில் நுனி முதல் அடி வரை நார் முழுதாக ஓடும். அதனால் மெல்லிய பலகைக்கும் வலு அதிகம், காயும்போது கோணுவதும் குறைவு. பிளந்த பலகைகளைக் கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி, பருத்த நிலைக்கால்களில் செருகி, துளையிட்டு மர முளை அடித்து இறுக்குவார்கள். இரும்பு ஆணியோ பசையோ வேண்டியதில்லை. ஈரப் பலகை காயக் காய, காய்ந்த முளையைச் சுற்றித் தானே இறுகிக்கொள்ளும். முளைகளைத் தட்டி எடுத்துவிட்டால் பெட்டியைப் பிரித்து, குறுகிய வாசல் வழியே மேல்மாடிக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டலாம். மூடியும் வெறும் மூடி மட்டுமல்ல. கூரைபோல் சரிந்த அதைக் கழற்றிக் கவிழ்த்தால் மாவு பிசையும் தொட்டியாகிவிடும்.

நுட்பமான மேசை நாற்காலி செய்த தச்சர்களின் வேலைமுறை இதிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. இழைப்புளியும் மெல்லிய இணைப்புகளும் அவர்களுடைய உலகம். ஆர்க் செய்பவரோ மரத்தை அதன் போக்கிலேயே படிக்கத் தெரிந்தவர். இப்படி ஒரு தனித் தேர்ச்சி இருந்ததால்தான் தச்சர் என்ற பொதுப்பெயர் போதாமல் அவருக்கென்று தனிப்பெயர் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை, ஒருவர் இறந்ததும் அவருடைய வீட்டுப் பொருள்களை எழுதிவைத்த பட்டியல்கள் வட மாவட்டங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. கட்டில், பானை, மாட்டுக்கு அடுத்து ‘மாவு ஆர்க் ஒன்று’ என்ற வரியும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

நோவாவின் பேழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சொல் ஒன்றுதான். நோவாவின் பேழையும் மோசே காலத்து உடன்படிக்கைப் பெட்டியும் ஆங்கில விவிலியத்தில் ‘ஆர்க்’தான். இரண்டும் மூடிய மரப்பெட்டி என்ற அடிப்படையில் அந்தப் பெயர் பெற்றன. ஆனால் ஆர்க்ரைட்டுகளின் முன்னோர்கள் படகு கட்டியவர்கள் என்றோ, தேவாலய நாடகத்தில் நோவா வேடம் போட்டவர்கள் என்றோ சொல்லப்படும் கதைகளுக்கு ஆதாரம் இல்லை. படகு கட்டியவர்களுக்கு போட்ரைட் என்று தனிப் பெயரே இருக்கிறது.

‘ரைட்’ என்று முடியும் வேறு பெயர்கள் எவை?

நிறைய உண்டு. வண்டி செய்தவர் கார்ட்ரைட், பாரவண்டி செய்தவர் வெயின்ரைட், கலப்பை செய்தவர் ப்ளோரைட், சல்லடை செய்தவர் சிவ்ரைட், பாலாடைக்கட்டி செய்தவர் சீஸ்ரைட். வெறும் ரைட் என்பதும் குடும்பப்பெயர்தான். இங்கிலாந்தில் மிகப் பரவலான முதல் இருபது பெயர்களுக்குள் வருவது. நாடக ஆசிரியரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இந்த வரிசையைப் பார்த்துப் பின்னாளில் உருவானதே. கையால் பொருள் செய்பவரின் பெயரை எழுத்தாளருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இது எப்போது குடும்பப்பெயராக நிலைபெற்றது?

தமிழ் வாசகருக்கு இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயரோடு வாழ்கிறவர்கள் நாம். இங்கிலாந்திலும் 11ஆம் நூற்றாண்டுக்கு முன்பு பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. 1066இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்த பிறகு, நிலவுடைமைக் குடும்பங்களில் முதலில் வழிவழிப் பெயர் தோன்றியது. நிலம் மகனுக்குப் போகிறது என்று காட்ட ஒரு நிலையான பெயர் உதவியது.

மக்களிடம் அது மெல்லத்தான் இறங்கியது. ஒரு கிராமத்தில் ஐந்து ஜான், நான்கு வில்லியம் இருந்தால் வரி எழுத வந்தவருக்குத் தலைவலி. ஊர், தந்தை பெயர், உடல் அடையாளம், தொழில் ஆகிய நான்கில் ஒன்றைச் சேர்த்து எழுதினார். வட இங்கிலாந்து மாவட்டமான லங்காஷயரின் 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ஆர்க்ரைட் தென்படுவது இப்படித்தான். அந்தக் கட்டத்தில் அது விவரிப்பு மட்டுமே. அப்படி எழுதப்பட்ட ஆர்க்ரைட்டின் மகன் மாவாலைக்காரரானால் மில்லர் என்றுதான் எழுதப்படுவார். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதிக்கப்பட்டபோது நாடு முழுவதும் பெயர்கள் எழுதப்பட்டன. அந்தப் பட்டியல்களில் இரண்டு நிலைகளையும் அருகருகே பார்க்கலாம். சிலருக்குப் பெயரும் தொழிலும் ஒன்று. சிலருக்குப் பெயர் ஒரு தொழிலைச் சொல்ல, செய்யும் தொழில் வேறாக இருக்கிறது. இரண்டாம் வகையைக் கண்டால் பெயர் உறைந்துவிட்டது என்று கொள்ளலாம். தெற்கில் இது முன்னதாகவே நடந்தது. லங்காஷயர் போன்ற வட மாவட்டங்களில் 14, 15ஆம் நூற்றாண்டுகள் வரை இழுத்தது.

ஏன் லங்காஷயரில் மட்டும்?

மட்டும் என்று சொல்ல முடியாது, மையம் அதுதான். ஒரே தொழிலுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறுவது ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் இயல்பு. நெய்த கம்பளித் துணியை நீரில் மிதித்துத் தடிப்பாக்கும் தொழிலாளி தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். மூவரும் செய்தது ஒரே வேலை. அதேபோல் மாவுப்பெட்டியை ‘ஆர்க்’ என்று அன்றாடம் அழைத்தது வடக்கு. அந்தச் சொல் அங்கும் ஸ்காட்லாந்திலும் பேச்சுவழக்கில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. பெட்டியும் ஓட்ஸ் மாவும் சொல்லும் ஒருசேர இருந்த இடத்தில் பெயரும் பிறந்தது.

இன்று எத்தனை ஆர்க்ரைட்டுகள் இருக்கிறார்கள்?

பிரிட்டனில் ஸ்மித் என்ற பெயர் உடையோர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். ஆர்க்ரைட்டுகளை எண்ண ஆயிரம் என்ற அலகே போதும். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மாவட்டவாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் லங்காஷயரே முன்னால் நிற்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் உள்ளவர்கள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள்.

எண்ணிக்கை பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. இணையத்தில் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எண்ணைக் காட்டும். வாக்காளர் பட்டியலை எண்ணியவர் குழந்தைகளை விட்டிருப்பார். தொலைபேசிப் புத்தகத்தை எண்ணியவர் வீட்டுக்கு ஒருவரை மட்டும் எடுத்திருப்பார். எந்த ஆவணத்திலிருந்து, எந்த ஆண்டுக்கு என்று சொல்லாத எண்ணை நம்பவே வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க 1881 கணக்கெடுப்பே சிறந்த அடித்தளம். அது முழுமையாகப் படியெடுக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள் பெருவாரியாக இடம்பெயர்ந்த 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய படத்தையும் தருகிறது.

பெயர் ஏன் இவ்வளவு அரிதாயிற்று?

கொல்லர் இல்லாத கிராமம் இல்லை. குதிரைக்கு லாடமும் கலப்பைக்குக் கொழுவும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். மாவுப்பெட்டி அப்படியல்ல. நன்றாகச் செய்த ஓக் பெட்டி ஐந்து தலைமுறைக்கு உழைக்கும். ஆகவே ஒரு பெரிய வட்டாரத்துக்கு ஓரிருவர் போதும். தாங்கள் செய்த பொருளின் தரமே அவர்களுடைய எண்ணிக்கையைக் குறைத்தே வைத்திருந்தது என்று நான் நினைக்கிறேன். தொடக்கத்திலேயே விதை குறைவு.

அடுத்து வந்தது கொள்ளைநோய். 1348இல் இங்கிலாந்தை அடைந்த கறுப்புச் சாவு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொண்டுபோனது. அப்போதுதான் உறையத் தொடங்கியிருந்த பெயர்களில் பல, தாங்கிய ஒரே குடும்பத்தோடு புதைந்தன.

மூன்றாவது காரணம் வெறும் தற்செயல். இதுதான் பலருக்கும் வியப்பைத் தருகிறது. பெயர் ஆண்வழியில் மட்டுமே இறங்கும் சமூகத்தில், மகள்களை மட்டும் பெற்ற குடும்பத்தின் பெயர் அத்தோடு நின்றுவிடும். நோயோ போரோ வறுமையோ வேண்டியதே இல்லை. ஃபிரான்சிஸ் கால்டன் 1873இல் இதை ஒரு கணிதப் புதிராக எழுப்பினார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு விடை காண முயன்றார். அவர்கள் பெயரால் வழங்கும் அந்தக் கணிதமுறை பின்னாளில் அணுக்கருத் தொடர்வினை முதல் தொற்றுநோய்ப் பரவல் வரை பயன்படலாயிற்று. அதன் சாரம் எளிது: நூறு குடும்பத்தோடு தொடங்கும் பெயர் தப்பிப் பிழைக்கும், இரண்டு மூன்று குடும்பத்தோடு தொடங்குவது பெரும்பாலும் அற்றுப்போகும். ஆர்க்ரைட் இரண்டாம் வகையாக இருந்தும் எண்ணூறு ஆண்டுகளாக நீடிக்கிறது.

எல்லா ஆர்க்ரைட்டுகளும் ஒரே மூதாதையின் வழியினரா?

தொழில்வழிப் பெயர் என்பதால் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவரோடு ஒருவர் உறவே இல்லாத இரண்டு பெட்டித் தச்சர்கள் இரு வேறு ஊர்களில் ஒரே பெயரைப் பெற்றிருக்கலாம். ஆனால் அரிய பெயர்களைப் பொறுத்தவரை மரபணு ஆய்வு சுவையான சான்று தந்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம், குடும்பப்பெயர் இறங்கும் அதே பாதையில் இறங்குகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் நாற்பது பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களைச் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்மித் போன்ற பரவலான பெயரில், அதே பெயர் கொண்ட இருவருக்குள் சிறப்பான உறவு எதுவும் தென்படவில்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயரிலோ மிகப் பெரும்பாலோர் ஒரே குரோமோசோம் வகையைக் கொண்டிருந்தார்கள். பெயர் அரிதாக ஆக, உறவு நெருங்குகிறது.

தத்தெடுப்பு, தாயின் பெயரைக் குழந்தை பெறுவது, சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொள்வது எல்லாம் இந்தக் கணக்கைக் குலைக்கும். ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதை உறவுக்குச் சான்றாக நினைக்காமல், தேடத் தொடங்க ஒரு தடயமாக மட்டும் கொள்வதே சரி.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் பெட்டி செய்தாரா?

இல்லை. அவர் தந்தை தாமஸ் ஒரு தையற்காரர். ரிச்சர்ட் 1732 டிசம்பரில் லங்காஷயரின் பிரஸ்டன் நகரில் பிறந்தார். பெரிய குடும்பம், வசதி குறைவு. முடிதிருத்தும் தொழிலைக் கற்று, போல்டன் நகரில் கடை வைத்தார். செல்வர்கள் பொய்முடி அணிந்த காலம் அது. ஊர் ஊராகச் சென்று பெண்களிடம் முடி வாங்கிச் சாயமேற்றி விற்றார். பெயர் பெட்டித் தச்சரைச் சொல்கிறது, தந்தை துணி தைக்கிறார், மகன் முடி வெட்டுகிறார். குடும்பப்பெயர் தொழிலிலிருந்து முற்றிலும் கழன்றுவிட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

1760களின் இறுதியில் ஜான் கே என்ற கடிகாரம் செய்பவரின் துணையோடு நூற்பு இயந்திரத்தை உருவாக்கி 1769இல் காப்புரிமை பெற்றார். வெவ்வேறு வேகத்தில் சுழலும் உருளை இணைகள் பஞ்சுத் திரியை இழுத்து மெலிதாக்கும். கதிர் என்னும் சுழலும் தண்டு அதை முறுக்கும். நாட்டிங்காமில் குதிரையைப் பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, 1771இல் டார்பிஷயரின் குரோம்ஃபோர்டில் நீர்விசை ஆலையைத் தொடங்கினார். ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் இருவரும் பங்காளிகள். ஆலை, தொழிலாளர் குடியிருப்பு, மணி அடித்தால் வேலை என்ற ஒழுங்கு எல்லாம் அங்கே ஒன்றாக உருப்பெற்றன. குரோம்ஃபோர்டு இருக்கும் பள்ளத்தாக்கின் ஆலைகள் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. காப்புரிமை பற்றிய வழக்கில், பிறர் கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டார் என்று வாதிடப்பட்டு 1785இல் அது இரத்தானது. அடுத்த ஆண்டே அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1792இல் இறந்தார். அவருடைய மகன், இளைய ரிச்சர்ட், வங்கித் தொழிலிலும் இறங்கி, பட்டம் இல்லாதவர்களில் இங்கிலாந்தின் மிகப் பெரிய செல்வர் என்று பேசப்படும் அளவுக்கு உயர்ந்தார்.

இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோர் மனத்திலும் ஆலைப் புகைக்கூண்டுதான் எழுகிறது. குரோம்ஃபோர்டு ஆலை புகைக்கூண்டே இல்லாமல் நீரில் ஓடியது என்பதையும் சேர்த்தே மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பெயருக்கும் சோழமண்டலக் கரைக்கும் தொடர்பு உண்டா?

பெயருக்கு இல்லை, பெயரைப் புகழ்பெறச் செய்த தொழிலுக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் அச்சுத் துணிகளும் இங்கிலாந்தைக் கவர்ந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் மதராசப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கே துணி மலிவாகக் கிடைத்ததும் ஒரு காரணம். இறக்குமதித் துணியால் தங்கள் பிழைப்பு போகிறது என்று ஆங்கில நெசவாளர்கள் கொதித்தெழ, 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் வந்தன. இரண்டாவது சட்டத்தின்படி அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம்.

நம் நூற்பவர்கள் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கு, தாங்கும் முறுக்குள்ள பருத்தி நூலைக் கையாலேயே நூற்றார்கள். ஆங்கிலேயர்களால் அது முடியவில்லை. அவர்கள் பாவுக்கு ஆளிச்செடி நாரால் ஆன லினன் நூலையும், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பருத்தியையும் போட்டு நெய்தார்கள். ஆர்க்ரைட்டின் இயந்திரம் தந்த நூல் பாவுக்குத் தாங்கியது. முழுப் பருத்தித் துணியை இங்கிலாந்திலேயே நெய்ய வழி பிறந்ததும், 1721 சட்டம் அவருக்கே முட்டுக்கட்டையானது. நாடாளுமன்றத்தில் முறையிட்டு, 1774இல் உள்நாட்டு முழுப் பருத்தித் துணிக்கு விலக்குப் பெற்றார்கள். அயல் துணியிலிருந்து பிரித்தறிய, அந்தத் துணியின் கரையில் மூன்று நீல இழைகள் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பாதை திரும்பியது. ஆங்கில ஆலை நூல் இந்தியச் சந்தையில் வந்து குவிந்து, கையால் நூற்றுப் பிழைத்த பெண்களின் வருவாயைப் பறித்தது. சோழமண்டலத்தின் கைவேலையை எட்டிப்பிடிக்கவே அந்த இயந்திரம் தேவைப்பட்டது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆர்க்கெல், கார்ட்ரைட் ஆகியவை இதன் மாற்று வடிவங்களா?

அல்ல. ஆர்க்கெல் பழைய நார்ஸ் மொழியின் ஆண்பெயர் ஒன்றிலிருந்து வந்தது. பெட்டியோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கார்ட்ரைட் வண்டி செய்தவர். விசைத்தறியை உருவாக்கிய எட்மண்ட் கார்ட்ரைட் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். இருவரும் ஒரே நூற்றாண்டு, ஒரே துறை. பெயரின் வாலும் ஒன்றே. ஆனால் உறவில்லை. கார்ட்ரைட் தொழிலால் பாதிரியார்.

பழைய ஆவணங்களில் தேடும்போது மட்டும் எழுத்துக்கூட்டலைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். நடுவில் ஓர் உயிரெழுத்து கூடலாம், ‘க்’ ஒலி ‘ட்’ ஆகலாம், முன்னால் ஒரு ‘ஹ’ ஒட்டிக்கொள்ளலாம்.

என் குடும்பத்தில் இந்தப் பெயர் இருக்கிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

இன்றிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தலைமுறையாக. புகழ்பெற்ற ஆர்க்ரைட்டிலிருந்து கீழிறங்கி உங்களை வந்தடைய முயல்வதுதான் மிகப் பலர் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் விரும்பிய விடையே கிடைக்கும், உண்மை கிடைக்காது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. அதன் அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்து இலவசமாகத் தருகிறார்கள். 1841 முதல் கணக்கெடுப்புகளில் ஒவ்வொருவர் பெயரும் உண்டு. 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் அழிந்துபோனது. அந்த இடைவெளியை 1939இன் தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது.

1837க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும், அந்த ஏட்டை இரட்டைப் பூட்டுள்ள பெட்டியில் பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஏழை மக்களின் பெயர்களை இங்கிலாந்து இவ்வளவு காலம் காப்பாற்றி வைத்திருப்பதற்கு அந்த ஓக் பெட்டிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பப்பட்ட நகல்கள் தனியே இருப்பதால், மூல ஏடு நைந்து போயிருந்தால் அவற்றைப் பாருங்கள். லங்காஷயரைப் பொறுத்தவரை பிரஸ்டனில் உள்ள மாவட்ட ஆவணக்காப்பகமே முதல் இடம். அந்த மாவட்டத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். அவர்களுடைய பதிவுகளை ஆங்கிலத் திருச்சபையின் ஏட்டில் மட்டும் தேடினால் பாதி விடுபடும்.

1979இல் தொடங்கப்பட்ட ஒற்றைப்பெயர் ஆய்வுக் குழுமம் ஒன்று பிரிட்டனில் இயங்குகிறது. ஒரு குடும்பப்பெயரை எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிய எல்லோரையும் உலகளவில் திரட்டுவதே உறுப்பினர்களின் வேலை. அரிய பெயர்களுக்கு இந்த முறை மிகப் பொருத்தமானது, ஒரு மனித ஆயுளுக்குள் முடிக்கக்கூடியதும்கூட.

சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர்களைத் தேட முடியுமா?

முடியும், எந்தக் குடும்பப்பெயருக்கும். மாகாணத்தின் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னைக்கென்று தனி வரிசை இருக்கிறது. அந்தத் தேவாலயங்களில் ஒன்றான, கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இலேயே அர்ப்பணிக்கப்பட்டது.

ஆர்க்ரைட் குடும்பச் சின்னம் என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

பணத்தை வீணாக்க வேண்டாம். இங்கிலாந்தில் மரபுச் சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய நேர்வழி வாரிசுகளுக்கு மட்டும் இறங்குவது. குடும்பப்பெயர் ஒன்றுக்குச் சின்னம் என்று எதுவும் கிடையாது. சர் ரிச்சர்டின் சின்னத்தில் காய்த்த பருத்திச் செடியும் தேனீயும் இருக்கின்றன. அது அவர் குடும்பத்தின் கதை. பெட்டித் தச்சர்களின் வழிவந்த மற்ற ஆர்க்ரைட்டுகளுக்கு அந்தப் பருத்திச் செடியில் பங்கில்லை. தங்கள் பெயரே தங்கள் முன்னோரின் தொழிலைச் சொல்லும்போது, வேறொருவரின் கேடயத்தைச் சுவரில் மாட்டுவானேன்?

இந்தப் பெயரில் ஊர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சட்டாக்வா மாவட்டத்தில் ஆர்க்ரைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் ஆர்க்ரைட் டவுன் ஒரு நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பு. அந்த வட்டாரத்தில் நிலம் வைத்திருந்த ஆர்க்ரைட் குடும்பத்தின் பெயரைத் தாங்குவது. 1988இல் சுரங்கத்திலிருந்து மீத்தேன் வாயு கசிந்து வீடுகளுக்குள் புகுந்தது. பிரிட்டிஷ் நிலக்கரி நிறுவனம் சாலைக்கு எதிர்ப்புறத்தில் புதிய வீடுகளைக் கட்ட, 1995 வாக்கில் ஊரே அங்கே குடிபெயர்ந்தது. பழைய தெருக்களை இடித்துவிட்டார்கள். பெயரைப் புதிய ஊருக்கே வைத்துக்கொண்டார்கள்.